மடக்குக் கத்திக்கு எந்தப் பிடி? கல்லுப்பட்டியிலிருந்து சில குறிப்புகள்

போன சித்திரையில் அப்பாவுக்கு வலது கை ஆள்காட்டி விரலில் ஐந்து தையல். யூரியா மூட்டையின் வாய்நூலை அறுக்கும்போது மடக்குக் கத்தி தானாக மடங்கி, பிடித்திருந்த விரல் மேலேயே இறங்கிவிட்டது. காயம் ஆறிவிட்டது. ஆனால் விரல் இன்னமும் முழுசாக மடங்குவதில்லை. ஆட்டில் பால் கறக்கும்போதுதான் அது தெரிகிறது என்கிறார்.

"அந்தக் கத்தியைத் தூக்கிப் போட்டுருங்கப்பா"ன்னு சொன்னேன். "கத்தி என்னடா பண்ணுச்சு? பிடிதானே விட்டுப்போச்சு"ன்னார். எழுபத்திரண்டு வயசு. இடுப்பில் கத்தி இல்லாமல் தோட்டத்துக்குப் போகச் சொன்னால் வெறுங்கையோடு போவது மாதிரி இருக்கு என்கிறார். சரி, பிடியை மாற்றித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். எதை வைத்து மாற்றுவது என்று தேடப்போய்ச் சேர்ந்த குறிப்புகள்தான் இவை. கத்தி சேகரிப்பவர்களுக்காக எழுதவில்லை. வீட்டில் ஆடுகிற மடக்குக் கத்தி ஒன்று வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

என்ன நடந்தது?

கத்தியைப் பிரித்துப் பார்த்தேன். திருவிழாக் கடையில் வாங்கியது. ரெண்டு பக்கமும் மரப்பலகை. நடுவில் தகடு எதுவும் கிடையாது. கத்தி வாயும், அதன் முதுகை அழுத்துகிற ஸ்பிரிங்கும் நேராக ரெண்டு மரப்பலகைக்கு இடையில் உட்கார்ந்து, மூன்று ரிவிட்டில் பிடித்து நின்றன. நடு ரிவிட்டைச் சுற்றி ஒரு பலகையில் மயிரிழை விரிசல். ரிவிட் நிற்கிற இடம் இளகியதும் ஸ்பிரிங்குக்கு அழுத்தம் போய்விட்டது. அழுத்தம் இல்லாத ஸ்பிரிங் கத்தியை விறைப்பாகத் திறந்து வைக்காது. கொஞ்சம் எதிர்ப்பக்கமாக விசை விழுந்தால் மடங்கிவிடும். அன்றைக்கு அதுதான் நடந்தது.

வாயில் குறை இல்லை. ஸ்பிரிங் உடையவில்லை. அப்பா சொன்னது சரிதான், விட்டுப்போனது பிடி.

அரிவாள் பிடி வேறு, மடக்குக் கத்திப் பிடி வேறு

நம்ம பக்கம் பிடி போடுவது தெரியாத ஊர் கிடையாது. திருப்பாச்சேத்தி அரிவாள் பேர்பெற்றது. அதற்குப் பிடி போடும் முறை எளிது: காம்பைப் பழுக்கக் காய்ச்சி மரத்துக்குள் இறக்கி, வாயில் ஒரு பூண் மாட்டினால் முடிந்தது. மரம் கொஞ்சம் சுருங்கினாலும் பூண் பிடித்துக்கொள்ளும். கட்டை ஆடினால் தலைகீழாகப் பிடித்து ஒரு தட்டுத் தட்டுவோம். அரிவாள் பிடிக்கு வேலை ஒன்றே ஒன்று, கைக்கு அடங்குவது.

மடக்குக் கத்தியில் பிடிக்கு நாலு வேலை. அது கைப்பிடி, உறை, அச்சாணி நிற்கிற சட்டம், ஸ்பிரிங்கைத் தாங்குகிற சட்டம். கதவுக்கு நிலை எப்படியோ, கத்தி வாய்க்குப் பிடி அப்படி. நிலை கோணினால் கதவு சாத்தாது. இதை மறந்துவிட்டு "எந்த மரம் அழகு, எது வழுக்காது" என்று மட்டும் யோசித்தால் தப்பான இடத்திலிருந்து ஆரம்பிக்கிறோம். நானும் முதலில் அப்படித்தான் ஆரம்பித்தேன். தேக்கா, தோதகத்தியா என்று ரெண்டு வாரம் குழம்பினேன்.

ஒரு சின்னக் கணக்கு

மரம் வெட்டிக் காய்ந்த பிறகும் காற்றிலுள்ள ஈரத்துக்கு ஏற்ப உப்பும், சுருங்கும். நீளவாக்கில் இது கணக்கில் வராத அளவு குறைவு. வைரத்தின் நடுவிலிருந்து பட்டை நோக்கிப் போகிற திசையில் கொஞ்சம் கூடுதல். ஆண்டு வளையத்தை ஒட்டிப் போகிற திசையில் அதைப்போலக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அசையாத மரம் என்று நாம் மதிக்கிற தேக்கே பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது வளையத் திசையில் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கும்.

நம்ம ஊர் கரிசல் பூமி. சித்திரை வெயிலில் மரத்தின் ஈரப்பதம் 7, 8 சதவீதத்துக்கு இறங்கும். ஐப்பசி அடைமழையில் 14, 15க்கு ஏறும் என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீத ஏற்ற இறக்கம். இதற்குத் தேக்கு சுமார் 1.4 சதவீதம் அசையும். 4 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையில் இது 0.055 மில்லிமீட்டர். ரெண்டு பலகைக்கும் சேர்த்து 0.11.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இந்த இடைவெளி விழுவது அச்சாணி ரிவிட்டில். கத்தியின் அடிப்பாகம் பிடிக்குள் 12 மில்லிமீட்டர் அகலத்துக்கு உட்கார்ந்திருக்கிறது, வாய் 80 மில்லிமீட்டர் நீளம் என்றால், அடியில் 0.11 என்பது நுனியில் முக்கால் மில்லிமீட்டர் ஆட்டமாக வரும். கையில் நன்றாகத் தெரிகிற ஆட்டம் இது. ஆடுகிற கத்தியை அழுத்தி வேலை செய்யச் செய்ய ரிவிட் துளை இன்னும் அகலமாகும். ஒவ்வொரு கோடையும் கொஞ்சம் கொஞ்சமாக.

அகலவாக்கில் வேறு பிரச்சினை. 25 மில்லிமீட்டர் அகலத்தில் இதே கணக்குக்கு 0.35 மில்லிமீட்டர் சுருக்கம். மரம் சுருங்கப் பார்க்கிறது, இரும்பு ரிவிட் சுருங்காது. நடுவில் மாட்டிய மரம் என்ன செய்யும்? பிளக்கும். அப்பாவின் கத்தியில் பார்த்த மயிரிழை விரிசல் இதுதான்.

இன்னொரு விஷயமும் இதில் புரிகிறது. ஐப்பசியில் நன்றாக இருந்த கத்தி சித்திரையில் ஏன் ஏமாற்றுகிறது என்றால், நாம் அதை வாங்கிய மாசத்து ஈரத்துக்குத்தான் அது இறுக்கமாக இருந்தது.

மூன்று ஊர், மூன்று விடை

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்ய ஆரம்பித்த விவசாயிக் கத்தி இன்றைக்கும் விற்கிறது. ஒரே மரத்துண்டை நடுவில் பிளந்து வாயைச் செருகிய எளிய கத்தி. பெரும்பாலும் பீச் மரம். மழையில் நனைந்தால் மரம் உப்பி வாயைக் கவ்விக்கொள்ளும், திறக்கவே வராது. அதை வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த குறை இது. ஆனால் கை மேல் மடங்கிவிடுமோ என்ற பயத்துக்கு அவர்கள் கண்ட விடை, கழுத்தில் ஒரு சுழலும் உலோக வளையம். 1955இல் வந்தது. திருப்பிவிட்டால் மரம் எப்படி அசைந்தாலும் வாய் மடங்காது.

ஜப்பானில் ஹியோகோ பகுதியின் மிகி ஊரில் செய்கிற ஹிகோனோகாமி மரத்தையே விட்டுவிட்டது. ஒரு தகட்டை மடித்தால் அதுதான் பிடி. பித்தளையும் உண்டு, இரும்பும் உண்டு. ஸ்பிரிங் கிடையாது. வாயின் பின்னால் நீட்டியிருக்கும் வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது சுவிஸ் கத்தி. சிவப்புப் பிடி என்று நாம் நினைப்பது உண்மையில் பிடியே இல்லை. உள்ளே அலுமினியத் தகடுகள், ரிவிட்டுகள், ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்து ஒரு முழுக் கத்தியாக நிற்கிறது. மேலே சிவப்பு பிளாஸ்டிக்கை அழுத்தி மாட்டியிருக்கிறார்கள். சிவப்பு ஓடு உடைந்து விழுந்தாலும் கத்தி வேலை செய்யும். பாக்கெட்டில் உடைந்த ஓட்டோடு பத்து வருஷம் வைத்திருப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் என் குழப்பம் தீர்ந்தது. வேலைக் கத்திக்குச் சுவிஸ்காரர்கள் வழிதான் தோது. உள்ளே உலோகத் தகடு இருந்தால், அச்சாணிக்கு இடைவெளி எவ்வளவு என்பதைத் தகடுதான் தீர்மானிக்கும். மரம் மேலே சும்மா உட்கார்ந்திருக்கும், சுருங்கினாலும் உப்பினாலும் வாய்க்குத் தெரியாது. அதனால் முதல் கேள்வி 'எந்தப் பொருள்' இல்லை, 'உள்தகடு இருக்கா' என்பதுதான். கடையில் 'லைனர்' என்று கேட்கலாம். உள்தகடு இல்லாத மரப்பிடி மடக்குக் கத்தியை, ஒப்பினெல் மாதிரி வளையம் இருந்தாலொழிய, கனமான வேலைக்கு வாங்காதீர்கள்.

பொருட்கள், ஒவ்வொன்றாக

உள்தகடு இருக்கு என்று வைத்துக்கொண்டால் மேல்பலகைக்குச் சுதந்திரம் கிடைக்கிறது. எடையைப் பாருங்கள். 110 மில்லிமீட்டர் நீளம், 25 அகலம், 4 கனம் உள்ள ரெண்டு பலகை சேர்ந்தால் 22 கன சென்டிமீட்டர். கெட்டி மரத்தில் சுமார் 18 கிராம். ஹைலத்தில் 30. கிளாஸ் எபாக்ஸியில் 40. அலுமினியத்தில் 59. டைட்டானியத்தில் 99. பித்தளையில் 187. நாள் முழுக்க வேட்டி மடிப்பில் இருக்கப்போகிற பொருளுக்கு இந்த வித்தியாசம் பெரிசு.

பித்தளை: அழகு, பட்டறையில் சுலபமாக வேலை வாங்கலாம். ஆனால் கனம், வியர்வை பட்டால் களிம்பு, கையில் ஒரு வாடை. பலகைக்கு வேண்டாம், ரிவிட்டுக்கும் வாஷருக்கும் அருமை.

அலுமினியம்: எடை பரவாயில்லை. ஆனால் மரத்தைவிடக் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வரப்பில் வெயிலில் கிடந்த அலுமினியப் பிடியை மத்தியானம் ஒரு மணிக்குக் கையில் எடுத்துப் பார்த்தால் புரியும். வியர்த்த கையில் வழுக்கும் என்பதால் மேலே வரிகள் வெட்டியே விற்கிறார்கள்.

ஹைலம்: எலக்ட்ரிக் கடையில் ஷீட்டாகக் கிடைப்பது. துணியையோ காகிதத்தையோ ஃபீனாலிக் பிசினில் ஊறவைத்து, சூட்டில் அழுத்திக் கெட்டியாக்கியது. வெளிநாட்டுக் கத்திகளில் 'மைகார்ட்டா' என்று விலை கூட்டி விற்பதும் இதே வம்சம்தான். துணி வகையை வாங்குங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நூல் கொஞ்சம் எழும்பி, ஈரக்கையிலும் வழுக்காது. மீன் வெட்டுகிறவர்களுக்கும் தண்ணீரில் நிற்கிறவர்களுக்கும் என் சிபாரிசு இதுதான்.

கிளாஸ் எபாக்ஸி: கத்திக்காரர்கள் 'ஜி-10' என்பார்கள். கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்தது. ரேடியோ, டிவிக்குள் இருக்கிற சர்க்யூட் போர்டு இதன் உடன்பிறப்பு. ஈரத்துக்கும் வெயிலுக்கும் அசைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு எச்சரிக்கை: அறுக்கும்போது பறக்கிற கண்ணாடித்தூள் தோலில் அரிக்கும், நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் விட்டு, மாஸ்க் போட்டு அறுக்கணும். வீட்டுத் திண்ணையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை. ஹைலம் தூளும் மூக்குக்குள் போகக்கூடாது.

எருமைக் கொம்பு: உத்தரப் பிரதேசத்தின் சம்பல் பக்கம் கொம்பு வேலை ஒரு தொழிலாகவே நடக்கிறது. பாலிஷ் போட்டால் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் கொம்பும் ஈரம் குடித்து வளையும், பூச்சி அரிக்கும். நம்ம வெயிலுக்கு நான் போகமாட்டேன்.

மான் கொம்பு: ஒருகாலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகளுக்கு இந்தியாவிலிருந்து கடமான் கொம்பு போயிருக்கிறது. இன்றைக்கு 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. சாப்டூர் மலையடிவாரத்தில் "தானா விழுந்த கொம்புதான்"னு யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அந்த மலை 2021இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியது. யானைத் தந்தத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

குமரப்பாவின் கேள்வி

இந்த இடத்தில் ஹைலம் என்று முடிவு செய்துவிட்டு மதுரைக்கு பஸ் ஏற இருந்தேன். நிறுத்தியது எங்க ஊர்க்காரர் ஒருவர். பிறந்த ஊரால் இல்லை, வந்து தங்கியதால் எங்க ஊர்க்காரர்.

காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா தன் கடைசி வருஷங்களை டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் நடத்தியவர். 1960 ஜனவரி 30, காந்தி நினைவு நாளன்றே காலமானார். நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1945இல் வந்தது. அவர் பொருட்களை ரெண்டாகப் பிரிப்பார். நிலக்கரி, பெட்ரோல், தாது மாதிரி எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகிறவை ஒரு பக்கம். வருஷா வருஷம் வளர்ந்து வருகிற மரம், பயிர் மாதிரியானவை மறுபக்கம். முதலாவதைத் தேங்கிய தண்ணீர் என்றும் ரெண்டாவதை ஓடும் தண்ணீர் என்றும் வைத்துக்கொண்டால், முடிந்தவரை ஓடும் தண்ணீரில் குடி என்பதுதான் அவர் சொல்வதன் சாரம். காட்டில் எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவுதான் வெட்டணும்.

இதை ஒரு கத்திப் பிடிக்குப் போட்டுப் பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான். 22 கன சென்டிமீட்டர் பிசினால் உலகம் முடிந்துவிடாது. ஆனால் கேள்வியைக் கேட்டதும் பார்வை மாறியது. தோதகத்தியும் கருங்காலியும் வளர எத்தனை தலைமுறை? வேண்டாம். வருஷா வருஷம் யாரும் கேட்காமலே வளர்கிற மரம் எங்க ஊரில் எது?

சீமைக் கருவேலம். சிரிக்க வேண்டாம்.

1877இல் கடப்பைப் பக்கம் கொண்டுவந்து விதைத்த மரம் இது. இன்றைக்கு விருதுநகர், ராமநாதபுரம், எங்க கண்மாய்க்கரை எல்லாம் அதுதான். தண்ணீரைக் குடிக்கிறது, வேறு எதையும் வளரவிடுவதில்லை என்று வழக்குப் போட்டு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லும் அளவுக்கு வந்தது. வெட்டிய மரம் கரிமூட்டத்துக்கும் அடுப்புக்கும் போகிறது. வளைந்து முறுக்கிய மரம், பலகை தேறாது என்பதுதான் காரணம். ஆனால் நமக்கு வேண்டியது ஒரு சாண் கூட இல்லாத துண்டு. எவ்வளவு முறுக்கிய மரத்திலும் அது கிடைக்கும்.

குணமும் நல்ல குணம். வைரப்பகுதி செம்பழுப்பு நிறம், கன சென்டிமீட்டருக்கு 0.8 கிராம் அளவில் கெட்டி, தேக்கைவிடக் கனம். இதன் அமெரிக்கச் சகோதரனான மெஸ்கீட் மரத்தை டெக்சாஸில் தரைக்கும் மேஜைக்கும் விரும்பி வாங்குகிறார்கள். ஈரத்துக்கு மிகக் குறைவாக அசைகிற மரங்களில் அது ஒன்று. வளையத் திசைக்கும் குறுக்குத் திசைக்கும் வித்தியாசம் குறைவு என்பதால் வளைவதும் பிளப்பதும் குறைவு. நாம் கணக்குப் போட்டுத் தேடிய குணம் அதுவே.

கடைசியில் செய்தது

கரிமூட்டத்துக்குப் போகிற குவியலிலிருந்து தொடைப் பருமனில் ஒரு கட்டை கேட்டு வாங்கினேன். மரம் அறுத்துத் தந்த ஆசாரி, "தம்பி, இதுல பொம்மை கூட யாரும் செய்யமாட்டாங்க"ன்னார். அறுத்து, தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிச்சக் கட்டைய வச்சுட்டுப் போங்க"ன்னார்.

நீங்களும் செய்வதாக இருந்தால்:

வெளியிலுள்ள மஞ்சள் பகுதியை விட்டுவிடுங்கள், வண்டு துளைக்கும். வைரத்தை மட்டும் எடுங்கள். ரெண்டு முனையிலும் மெழுகு பூசி, 6 மில்லிமீட்டர் கனத்துக்கு அறுத்து நிழலில் காயவையுங்கள். எத்தனை நாள் என்று நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், தராசைப் பாருங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டு, மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது. பிறகு 4 மில்லிமீட்டருக்கு இழையுங்கள்.

உள்தகட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் தகடு போதும். அச்சாணியும் ஸ்பிரிங்கும் தகட்டோடு தகடாக முதலில் பொருந்தி, மரம் இல்லாமலே கத்தி நின்று வேலை செய்யணும். அதுதான் பரீட்சை. மரம் இல்லாமல் ஆடுகிற கத்தி மரம் போட்டாலும் ஆடும்.

மரத்தை அரால்டைட் போட்டு ஒட்டி, ரெண்டு பித்தளை ரிவிட் அடியுங்கள். மரத்தில் துளை ரிவிட்டைவிட ஒரு மயிரிழை பெரிசாக இருக்கட்டும். மரம் அசைய இடம் விட்டால் பிளக்காது. ரிவிட்டை நசுக்கி நசுக்கி அடிக்காதீர்கள்.

எண்ணெய்க்குத் தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் வேண்டாம். ரெண்டும் உறையாது, பிசுபிசுக்கும், அழுக்குப் பிடிக்கும். பெயின்ட் கடை லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், மெல்லிசாக மூன்று கை, ஒவ்வொரு கைக்கும் நடுவில் ரெண்டு மூன்று நாள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு எறியுங்கள்.

ஐப்பசி மழையும் ஒரு சித்திரையும் தாண்டிவிட்டன. நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நகம் லேசாகத் தட்டுகிறது. மரம் அசைந்திருக்கிறது, வாய்க்கு அது தெரியவில்லை.

அப்பாவிடம் கொடுத்தபோது முதலில் திறந்து, வாயின் முதுகைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினார். மடங்கவில்லை. அப்புறம்தான் பிடியைப் பார்த்தார். "என்ன மரம்டா?" சொன்னேன். ஒரு நிமிஷம் பேசவில்லை. கண்மாய்க் கரையைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் இதை எரிச்சிட்டு இருந்தோம்"ன்னார். கத்தியை மடக்கினார். அந்த விரலை மட்டும் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு மடக்கினார். இனிமேல் எப்போதும் அப்படித்தான் மடக்குவார் போல.